நனையாமல் வந்த பஞ்சு

என் மகளுக்கு ஆறு வயதில் மேல்வரிசை முன்பல் நான்கும் கறுப்பு. ஓரத்தில் கோடு போட்ட கறுப்பு இல்லை. அடுப்புக்கரியை உடைத்து ஈறில் நட்டுவைத்த மாதிரிக் கறுப்பு. அதைக் காட்டிக்கொண்டு அவள் சிரிப்பாள் பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்றைக்கு ஒரே ஒரு தரம் என் வீட்டு வாசலில் கேட்குமானால், நான் சம்பாதித்ததில் எது வேண்டுமோ எடுத்துக்கொண்டு போகச் சொல்லுவேன். சம்பாதித்ததும் கொஞ்சமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது நான்காம் வகுப்பு. அதற்கு மேல் படித்திருந்தால் யாரிடமோ கைகட்டி நின்றிருப்பேன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கழிவுப் பஞ்சைக் கூட்டி அள்ளுகிற வேலைக்குப் போனேன். அங்கே இருந்தவர்களெல்லாம் அதைக் குப்பையாகப் பார்த்தார்கள். நான் ஒருத்தன்தான் ஆஸ்பத்திரிச் சாமானாகப் பார்த்தேன். அந்தக் கழிவையே மூடை மூடையாக வாங்கி, வேகவைத்து, வெளுத்து, காயவைத்து, இழை பிரித்துச் சீவுகிற கார்டிங் மெஷினில் விட்டு மெத்தை மாதிரி எடுத்து, நீலத்தாள் சுற்றி மருந்துக்கடைகளுக்குப் போட ஆரம்பித்தேன். எண்பதுகளின் நடுவில், மதுரைக்குத் தெற்கே புண்ணுக்குக் கட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் என் பஞ்சைத் தொட்டவர்கள்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமையாக இருந்தால்தான் என்ன?

செடியில் விளைகிற பஞ்சு தண்ணீர் குடிக்காது. அதன் மேல் மெழுகு இருக்கிறது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அந்த மெழுகை எடுத்தால்தான் குடிக்கும். சரக்குப் பேசப் போகிற இடத்திலெல்லாம் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பேன். குடிக்கத்தான் கேட்கிறேன் என்று கொண்டுவந்து வைப்பார்கள். அதில் ஒரு கிள்ளுப் பஞ்சைப் போடுவேன். கல் மாதிரி முங்கும். "பாத்துக்கிடுங்க" என்பேன். அதற்குமேல் எனக்குப் பேசத் தெரியாது, பேச வேண்டியும் வந்ததில்லை.

வீடும் கம்பெனியும் ஒரே காம்பவுண்டு. அது எனக்குப் பெரிய கௌரவம். முன்னால் வீடு, பின்னால் ஷெட்டு, நடுவில் ஒரு சுவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் நேரே ஷெட்டுக்கு ஓடிவருவாள். கார்டிங் மெஷினிலிருந்து வரும் பஞ்சை ஒரு துண்டு பிய்த்து மேலுதட்டில் ஒட்டிக்கொள்வாள். வெள்ளை மீசை. அடியில் கறுப்புப் பல். என் மாதிரியே இடுப்பில் கை வைத்து, "பாத்துக்கிடுங்க!" என்பாள். பேக்கிங் பண்ணுகிற பெண்கள் சிரித்துச் சிரித்துப் பஞ்சுக்குள்ளேயே விழுவார்கள். மெஷின் சத்தத்தையும் தாண்டி அவள் சிரிப்பு கேட்கும். அந்த மெஷின் சத்தம் எப்பேர்ப்பட்டது என்று ஓட்டினவனுக்குத்தான் தெரியும்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "ஒத்தப் பிள்ளை, துட்டும் இருக்கு. மிட்டாயா வாங்கிக் குடுத்துப் பல்லைக் கெடுத்துட்டான்" என்றார்கள். என் வீட்டுக்காரிக்கு அதைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஏனென்றால் அவள் மிட்டாயைக் கண்ணில் காட்டியதில்லை. கல்யாணவீட்டு லட்டைக்கூட என் வாயில் திணித்துவிட்டு, பிள்ளைக்கு வெற்றுக்கையைக் காட்டுகிறவள். காலையிலும் ராத்திரியும் பல் விளக்கிவிடுவாள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் பிள்ளைகள் பொழுதன்னைக்கும் கமர்கட்டைக் கடித்துக்கொண்டு திரிந்தார்கள். அவர்கள் பல்லெல்லாம் அரிசி மாதிரி இருந்தது. இது என்ன நியாயம் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் சோற்றை வாயில் வைத்துவிட்டு அலறினாள். தூக்கிக்கொண்டு பல் டாக்டரம்மாவிடம் போனோம். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர், ராஜபாளையத்தில் புதிதாகக் கிளினிக் வைத்திருந்தார். மேஜை மேல் என் நீலத்தாள் சுருள் இருந்தது. பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அதில் கொஞ்சம் பிய்த்து, சுண்டுவிரல் மாதிரிச் சுருட்டி, மகளின் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைத்தார். எச்சில் வந்து மறைக்காமல் இருந்தால்தான் பல்லைச் சரியாகப் பார்க்க முடியுமாம். செத்த நேரம் பார்த்துவிட்டு, பஞ்சை எடுத்து விரலால் அமுக்கினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நனையவே இல்லையே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "டாக்டரம்மா, அது நம்ம சரக்கு. ஒரு டம்ளர் தண்ணி கொண்டாரச் சொல்லுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"கொண்டாரச் சொல்லுங்க, பொறவு பேசுங்க."

தண்ணீர் வந்தது. ஒரு கிள்ளுப் போட்டேன். முங்கியது. "பாத்துக்கிடுங்க. இந்தப் பஞ்சு குடிக்கலைன்னு இந்த ஜில்லாவில ஒருத்தன் சொன்னதில்ல."

என் வீட்டுக்காரி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பிள்ளைக்குப் பல்லைக் காட்ட வந்தோமா, பஞ்சு விக்க வந்தோமா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பஞ்சு நல்ல பஞ்சுதான் அண்ணாச்சி. இவ வாயில குடிக்கதுக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்றார்.

அதுவரை எச்சில் என்பது துப்புகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"ராத்திரி வாயைத் திறந்துக்கிட்டா தூங்குதா?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டரம்மா. மூக்கு அடைச்சுக்கிடும். குறட்டை வேற, அவிய அப்பாவ மாதிரியே" என்றாள் என் வீட்டுக்காரி.

"ஏட்டி, நான் எங்க குறட்டை விட்டேன்?"

"விட்டவிய காதுக்கு எப்படிக் கேக்கும்?"

"மூக்கு ஏன் அடைக்கி?" என்றார் டாக்டரம்மா.

"தும்மல். எந்நேரமும் தும்மல்தான். கம்பவுண்டர் ஒரு சிரப்பு குடுத்திருக்கார். பல்லு வெளக்கிவிட்டுப் படுக்கப் போறப்ப ஒரு மூடி குடுக்கது."

"இனிக்குமா அது?" என்று மகளிடம் கேட்டார்.

"எம்புட்டு இனிப்பு தெரியுமா! நக்கிக்கிட்டே படுத்துருவேன்" என்றாள் மகள், நான்கு கறுப்புப் பல்லும் தெரிய.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாம் எதைத் தின்றாலும் பல்லில் ஒட்டியிருக்கிற கிருமி அதைத் தின்று புளிப்பைக் கக்கும். அந்தப் புளிப்பு பல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கும். எச்சில் ஊறி வந்து அதைக் கழுவிவிடும், புளிப்பை முறிக்கும், கரைந்துபோன சத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்து பல்லில் வைக்கும் என்றார். "தூங்கதப்ப எல்லாருக்கும் எச்சில் கொறைஞ்சிரும். இவளுக்கு வாயும் திறந்து கிடக்கு. அந்தச் சிரப்பு மூக்குத் தண்ணியை மட்டும் நிறுத்தாது, வாய்த் தண்ணியையும் காய வச்சிரும். மேல அதோட இனிப்பு வேற. ராத்திரி பூரா பல்லு புளிப்புல ஊறுது. கழுவ ஆள் இல்ல."

"வாஷிங் பத்தல" என்றேன் நான்.

"என்னது?"

எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. நாங்கள் பஞ்சை வெளுத்த பிறகு அதில் நிற்கிற காரத்தை முறிக்க லேசான ஆசிட் தண்ணீரில் போடுவோம். அப்புறம் அந்த ஆசிட் போகிற வரைக்கும் அலச வேண்டும். அலசல் குறைந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. காய்ந்த பிறகு கிள்ளினால் மாவு மாதிரி உதிரும். பார்ப்பதற்கு வெள்ளைவெளேரென்று இருக்கிற பஞ்சு, கையில் எடுத்தால் செத்துப்போயிருக்கும். இதை நான் சொன்னதும் டாக்டரம்மா, "அதேதான்" என்று தலையாட்டினார். பெரிய படிப்புப் படித்தவர் சொல்லி, நான்காம் வகுப்பு படித்தவனுக்கு ஒரே நிமிஷத்தில் புரிந்தது என்றால், அது என் மூளைக்கு மட்டும் இல்லை, அவர் சொன்ன விதத்துக்கும் சேர்த்துத்தான். அதை மறைக்க மாட்டேன்.

"இந்த முன்பல்லு போற பல்லு. விழுந்து வேற முளைக்கும், அதை விடுங்க" என்று சொல்லிவிட்டு, மகளின் வாயை அகலத் திறந்து பின்னால் காட்டினார். "இந்தா, கடைவாயில நாலு பல்லு எட்டிப் பாக்கு. இது சாகுற வரைக்கும் இருக்க வேண்டிய பல்லு. முளைச்ச புதுசுல எளசா இருக்கும். எச்சில்ல ஊறி ஊறித்தான் கெட்டிப்படணும். இதைக் காப்பாத்தணும்."

இதுதான் விஷயம். அன்றிலிருந்து அந்த நான்கு கடைவாய்ப் பல்லும் எனக்குச் சாமி மாதிரி.

சிரப்பை நிறுத்தினோம். ராத்திரி முழுக்கத் தும்மினாள். மூக்கு அடைத்து, வாய் திறந்து, காலையில் உதடு வெடித்து எழுந்திருந்தாள். தும்மலுக்குக் காரணம் ஷெட்டிலிருந்து வருகிற தூசிதான் என்று சன்னலுக்கெல்லாம் ஈரச்சாக்கு கட்டினேன். பஞ்சுத்தூசிக்குச் சாக்கு ஒரு பொருட்டா? தூசி குடத்துத் தண்ணீரில் மிதந்தது, விளக்கைச் சுற்றிப் பறந்தது, சாமி படத்து மாலையில் நரைமுடி மாதிரித் தொங்கியது. இத்தனை நாளும் அதுதான் எங்கள் லட்சுமி என்று நினைத்திருந்தோம்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பஞ்சில் ஆசிட் போய்விட்டதா என்று பார்க்க ஷெட்டில் லிட்மஸ் தாள் வைத்திருப்போம். நீல நிறத்தில் சின்னச் சின்ன இதழாக, தபால்தலைப் புத்தகம் மாதிரி இருக்கும். புளிப்புப் பட்டால் சிவக்கும். ஒரு நாள் காலையில் மகள் எழுந்ததும், "நாக்கை நீட்டு" என்றேன். நீட்டினாள். தாளை வைத்து எடுத்தேன். சிவப்பு என்று சொல்ல முடியாது; நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி ஒரு நிறம். என் நாக்கில் வைத்தேன், அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரியையும் நீட்டச் சொன்னேன். "எனக்கும் சரக்குப் பாக்கியளோ?" என்று போய்விட்டாள்.

டாக்டரம்மாவிடம் தாளைக் காட்டினேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். "இது முழுசாச் சொல்லாது அண்ணாச்சி. புளிப்பு பல்லு மேல படிஞ்சிருக்க அழுக்குக்குள்ளதான் கிடக்கும். ஆனாலும் பாருங்க, தப்பில்ல. சப்ப மட்டும் விடாதிய, தொட்டு எடுத்துருங்க." அப்புறம் மகளின் வாயைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. புதுக் கடைவாய்ப் பல் ஒன்றில், சுண்ணாம்பு தொட்டுவைத்த மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி.

"ஆரம்பம்" என்றார். "இன்னும் குழி விழல. இப்பம் கவனிச்சா பழையபடி திரும்பிரும். எச்சில் ஊறணும், மூக்கால மூச்சு விடணும். இந்தத் தூசியில இருக்க வரைக்கும் நடக்காது."

ஷெட்டை இடம் மாற்றுவது என்றால் பாய்லர், தொட்டி, தண்ணீர், கரண்டு என்று ஒரு வருஷமாவது ஆகும். பல் ஒரு வருஷம் காத்திருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கொழுந்தியாள், அதாவது என் வீட்டுக்காரியின் தங்கை இருந்தாள். சகலை அங்கே ஒரு பால்கோவாக் கடையில் பால் கிண்டுகிறவர். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. தெரு சுத்தமாக, காற்றோட்டமாக இருக்கும். அங்கே விடுவது என்று நான்தான் முடிவு பண்ணினேன். என் வீட்டுக்காரி மறுநாள் பிள்ளையின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். நான் எடுத்த முடிவு அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

சகலைக்கு என்னைக் கேலி பண்ண அதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? "ஊரு உலகத்துல பிள்ளைக்குப் பல்லு சொத்தைன்னா இனிப்பை ஒளிச்சு வைப்பாக. எங்க அண்ணாச்சி பால்கோவா ஊருக்கே அனுப்பி வச்சுட்டாக!"

"நீரு கிண்டுத பால்கோவாவத் தின்னா பல்லு சொத்தையாகாதுவே, ஒட்டிக்கிட்டுத் திறக்கவே செய்யாது" என்றேன்.

ஆனால் டாக்டரம்மா அதற்கும் வழி சொல்லியிருந்தார். இனிப்பு தின்னட்டும், சோற்றோடு சேர்த்து ஒரு வேளை, வாயைக் கொப்பளித்துவிட வேண்டும். பொழுதுக்கும் கொறித்துக்கொண்டிருந்தால்தான் எச்சிலுக்கு ஓய்வில்லாமல் போய்விடும். கொழுந்தியாள் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டாள். சகலை மத்தியானம் கடையிலிருந்து சுடச்சுட ஒரு இலைத்துண்டில் பால்கோவா கொண்டுவருவார். கடைசிக் கவளத்தோடு அது. அப்புறம் கிணற்றுத் தண்ணீர். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இனிப்பையே பார்க்காத பிள்ளை அங்கே தினமும் பால்கோவா தின்றாள். மூக்கு திறந்தது. வாய் மூடியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். சட்டைப்பையில் லிட்மஸ் புத்தகம். தெருமுனையில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, ஒன்றும் பேசாமல் முதலில் நாக்கை நீட்டுவாள். அதுதான் எங்களுக்குள் வணக்கம். தாளை வைத்து எடுப்பேன். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்ப்போம். நிறம் மாறாமல் அப்படியே இருந்தால், "பாத்துக்கிடுங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்துவாள். அந்தத் தாளை நான் ஊருக்குக் கொண்டுவருவேன். என் வீட்டுக்காரி வாங்கி, கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் செருகிவைப்பாள். வெள்ளிக்கிழமைகளில் அவளும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். இருந்தும் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். பிள்ளையின் நாக்கு பட்ட தாள் அல்லவா.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஒரு பீடி இழுத்து முடிக்கிற நேரத்தில் பாதி வழி போய்விடும், அத்தனை பக்கம். பக்கம் என்பதுதான் கஷ்டம். தூரமாக இருந்தால் மனசு சொன்னதைக் கேட்கும். ஷெட்டுக்குள் நுழைந்தால் மெஷின் சத்தம் மட்டும் இருந்தது. மெஷினிலிருந்து வருகிற பஞ்சைப் பார்த்தால் மீசை ஞாபகம் வரும். பேக்கிங் பெண்களில் ஒருத்தி, "மொதலாளி, மீசைக்காரு எப்ப வருவாரு?" என்று கேட்டாள். "வரும், வரும்" என்றேன்.

கறுப்புப் பல் நான்கும் ஒவ்வொன்றாக விழுந்தது, ஒன்றுகூட என் வீட்டில் விழவில்லை. புதுப்பல் முளைத்தது. கடைவாயிலிருந்த வெள்ளைப் புள்ளி பெரிதாகவில்லை; பிறகு மங்கி, தேடினால்தான் தெரியும் என்றாகிவிட்டது. டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டார். சகலையைப் பார்க்கிறபோதெல்லாம், "பாத்தீரா, எம் முடிவு" என்பேன். "எம் பால்கோவாதான் அண்ணாச்சி" என்பார் அவர்.

ஒரு வருஷம் என்று நினைத்தது ஆறேழாகிவிட்டது. கம்பெனி வளர்கிறபோது நிறுத்த முடியுமா? கடைசியில் ஊருக்கு வெளியே பெரிய ஷெட்டாகவே கட்டினேன். நான் கட்டியதைப் பார்க்க மதுரையிலிருந்தெல்லாம் வந்தார்கள். பழைய ஷெட்டை இடித்து, வீட்டைக் கழுவி, வெள்ளையடித்து, மகளுக்கென்று ஒரு அறையில் மரக்கட்டில் போட்டேன். சன்னலில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பேன், தூசியில்லை.

அதற்குள் அவள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தாளை எடுத்தபோது, "அப்பா, வேண்டாம்ப்பா. எல்லாரும் பாக்காங்க" என்றாள். சும்மா, மெதுவாகத்தான் சொன்னாள். நான் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து கொழுந்தியாள் என்னவோ சொன்னாள். மகள் சத்தமாகச் சிரித்தாள். வெள்ளைப் பல். அருமையான பல். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷப் பரீட்சை லீவில் ராஜபாளையத்துக்கு வரவழைத்து டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். என் வீட்டுக்காரி காலையிலேயே சமையலில் இறங்கிவிட்டாள். பிள்ளை இனிமேல் இங்கேதான் என்று இரண்டு பேருக்கும் நினைப்பு. டாக்டரம்மா என் பஞ்சைச் சுருட்டி அவள் கன்னத்தில் வைத்தார். செத்த நேரத்தில் எடுத்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதைத் தட்டில் போட்டார், பொத்தென்று ஒரு சத்தம்.

"நல்லாக் குடிச்சிருக்கு உங்க பஞ்சு" என்றார். "நாலும் பத்திரம் அண்ணாச்சி. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதும்."

வெளியே வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. "அம்மா ஒனக்குன்னு ரூம்பு போட்டு வச்சிருக்கா. தூசியே கிடையாது தெரியுமா? வா, பாரு" என்றேன்.

"நேத்து அங்க வந்தப்பவே அம்மா சொன்னாப்பா. பாத்துட்டு, சாப்பிட்டுட்டுப் போறேன். சித்திக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல். சித்தப்பா தனியாச் சோறு பொங்கிக்கிட்டுக் கிடப்பாரு. சாயங்காலம் வீட்டுக்குப் போயிரணும்" என்றாள்.

வீட்டுக்கு என்றாள். எதையும் நினைத்துச் சொல்லவில்லை. பிள்ளை வாயில் அது தானாக வந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நின்றது. எனக்கு முன்னால் போய், பழகின ஆள் மாதிரி சன்னலோரம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். "வாரேன்ப்பா" என்றாள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொழுந்தியாளுக்குக் கஞ்சி வைத்துக் கொடு, சகலையை அடுப்படியில் விடாதே என்று என்னென்னவோ சொன்னேன். கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருந்திருப்பாள், அப்பா சொல்லுக்காக. அப்படி இருக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்றைக்கு எனக்குப் பிரஷர் மாத்திரையில் வாய் வறண்டு கிடக்கிறது. பல்லும் கட்டின பல். எச்சிலின் அருமை இரண்டாவது தடவையாகத் தெரிகிறது. மகள் கல்யாணமாகி எங்கோ இருக்கிறாள், போனில் பேசுவாள். அவள் பிள்ளைகளுக்குப் பல் எப்படி என்றுதான் முதலில் கேட்பேன். "நல்லா இருக்குப்பா" என்பாள். அவள் சிரித்தால் போனில் பாதிதான் வருகிறது.

அன்றைக்கு பஸ் கிளம்பியது. நான்கு அடி போயிருக்கும். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, என்னைப் பார்த்து, நாக்கை முழுசாக வெளியே நீட்டினாள். ஸ்டாண்டில் அத்தனை பேரும் பார்த்தார்கள், அவள் கவலைப்படவில்லை. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. தாள் இல்லை, அவள் வேண்டாம் என்ற நாளிலிருந்து நான் எடுத்துப் போவதில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு ஆள், "என்னய்யா, வளந்த பிள்ளை, யாரைப் பாத்து நாக்கை நீட்டுது?" என்றார்.

"எம் மவ. என்னையத்தான்" என்றேன். "பாத்துக்கிடுங்க."